நோட்டீஸில் இல்லாத ஊர்

நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்து வாத்தியார்மார் சேர்ந்து ஒரு வேன் பிடித்தார்கள். 'சோழநாட்டு ஆன்மிகச் சுற்றுலா, இரண்டு பகல் ஒரு இரவு' என்று நோட்டீஸ். தஞ்சாவூர், தாராசுரம், கும்பகோணம், கங்கைகொண்டசோழபுரம், சிதம்பரம், வைத்தீஸ்வரன்கோயில், திருவாரூர், நாகூர், வேளாங்கண்ணி. இந்த மாதிரி நோட்டீஸைக் கையில் கொடுத்தால் மடித்துக் காது குடைகிறவன் நான். இந்த முறை இரண்டு சீட்டுக்குப் பணம் கட்டினேன். ஒன்று எனக்கு, ஒன்று அம்மாவுக்கு.

அம்மாவுக்கு எழுபது ஆகிறது. கீழத்தஞ்சையில் நாகப்பட்டினம் பக்கத்துச் சேரியில் பிறந்தவள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து சிதம்பரம் பார்க்கணும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். 'இந்த நடவு முடியட்டும்' என்பாள். பிறகு 'இந்த அறுப்பு முடியட்டும்' என்பாள். பிறகு என் படிப்பு, தங்கச்சி கல்யாணம், அப்பா சாவு. கொள்ளிடத்துக்கு அந்தாண்டை அவள் போனதே இல்லை. நந்தனுக்குத் திருநாளைப்போவார் என்று பேர் வைத்து அறுபத்து மூவரில் ஒருத்தராக்கிக் கும்பிடுகிறார்கள். எங்கள் தெருவில் எல்லாரும் நாளைப்போவார்தான். பக்தி முற்றியதால் அல்ல, கூலி போய்விடும் என்பதால்.

"அம்மா, அந்தச் சாமி நம்மள உள்ள வுடல" என்று எத்தனையோ தடவை வாதம் பண்ணியிருக்கிறேன்.

"இப்ப வுடுறான்ல? போயிப் பாத்துட்டு வந்து திட்டிக்கிறேன் தம்பி. பாக்காமலே எப்புடித் திட்டுறது?" என்றாள்.

அதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை. கிளம்பினோம்.

வேன் ஊர் எல்லை தாண்டியதும் கேள்வி வந்துவிட்டது. "சார், உங்களுக்குக் குலதெய்வம் எது?" இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று இதைப் படிக்கிற உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 'என்ன சாதி' என்று நேரே கேட்கக் கூச்சப்படுகிற படித்தவன் கண்டுபிடித்த கேள்வி அது. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொல்லிவிட்டாள்: "வீரன் சாமிங்க. பன்னி வெட்டி, சாராயம் வச்சிக் கும்புடுவோம்." வல்லம் தாண்டும்வரை வேனில் பேச்சில்லை.

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் ஒரு கைடு வந்தார். விமானம் 216 அடி, உச்சியில் இருப்பது ஒரே கல், நிழல் தரையில் விழாது என்று மனப்பாடமாக ஒப்பித்தார். அந்த நிழலில்தான் அம்மா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்து அவர் சொன்னதுதான் என்னை இதை எழுத வைத்தது. "ராஜராஜன் காலத்துல சாதி வித்தியாசமே கிடையாதுங்க. எல்லாம் வெள்ளைக்காரன் வந்து பிரிச்சு வச்சது." எங்கள் சரித்திர வாத்தியாரும் தலையாட்டினார்.

அவர்கள் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே அடித்தளம் முழுக்க எழுத்து ஓடுகிறது. ராஜராஜன் கோயிலுக்கு எழுதி வைத்த ஊர்களின் கணக்கு அது. ஊர் ஊராக மொத்த நிலம் எவ்வளவு என்று சொல்லி, அதிலிருந்து எதையெல்லாம் கழிக்க வேண்டும் என்று கணக்கர்கள் வரிசை போடுகிறார்கள். ஊர்நத்தம், கோயில், குளம், வாய்க்கால், கம்மாளர் சேரி, பறைச்சேரி, சுடுகாடு. 'தீண்டாச்சேரி' என்ற சொல்லே அந்தக் கல்லில் இருக்கிறது. செத்த பிறகு எரிக்கிற இடத்தில்கூட பறையனுக்குத் தனிச் சுடுகாடு. இது நாம் கிளப்பிவிட்ட கதையல்ல. 1890களிலேயே ஹுல்ட்ஸ் என்ற ஜெர்மன்காரர் படித்து அச்சில் போட்டுவிட்டார். சாதியை வெள்ளைக்காரன் கொண்டுவந்தான் என்றால், ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இந்தக் கல்லில் உளி பிடித்தவன் எந்த வெள்ளைக்காரன்? வெள்ளைக்காரன் சாதியைக் கணக்கெடுத்தான், கெட்டிப்படுத்தினான், அதில் லாபம் பார்த்தான். அதெல்லாம் பேசுவோம். ஆனால் சேரிக்கு எல்லைக்கல் நட்டது அவனில்லை.

இதற்கும் ஒரு சமாதானம் வைத்திருக்கிறார்கள். சேரி நிலத்துக்கு வரி விலக்குக் கொடுத்தது ராஜராஜனின் கருணையாம். அதே வரிசையில் சுடுகாட்டுக்கும் வரி இல்லை. பிணங்கள் மேல் என்ன கருணை?

இன்னொன்றையும் பாருங்கள். அந்தக் கோயிலில் ஆடுவதற்காக வேறு வேறு கோயில்களிலிருந்து கொண்டுவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்களின் பேர் கல்லில் இருக்கிறது. எந்தத் தெருவில் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பது இருக்கிறது. ஒரு பங்குக்கு வருஷம் நூறு கலம் நெல் என்று இருக்கிறது. அந்தப் பெண்களைக் கொண்டுவந்து குடிவைத்த அதிகாரத்தைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். ஆனால் அவர்களுக்குப் பேராவது மிஞ்சியது. அந்த நெல்லை விளைவித்த சேரிக்கு அந்தக் கணக்கில் எல்லை உண்டு, ஆளுக்குப் பேர் இல்லை. நூறு கலம் எழுதிய எழுத்தாணிக்கு நட்டவள் பேரை எழுத இடம் பத்தவில்லை.

2010இல் இந்தக் கோயிலுக்கு ஆயிரமாவது ஆண்டு விழாவை அரசாங்கமே எடுத்தது. ஆயிரம் பேர் பரதநாட்டியம் ஆடினார்கள். பறைச்சேரி என்று வெட்டிய அந்தக் கல்லுக்கு முன்னால் ஒரு பறை அடிக்க வேண்டும் என்று எவனுக்கும் தோன்றவில்லை. 2019இல் பா. ரஞ்சித் கும்பகோணம் பக்கத்தில் ஒரு கூட்டத்தில் ராஜராஜன் காலம் எங்களுக்கு இருண்ட காலம் என்று பேசினார். உடனே போலீஸ் கேஸ் பாய்ந்தது. செத்து ஆயிரம் வருஷம் ஆன ராஜாவுக்கு மனம் புண்படுகிறது. உயிரோடு இருக்கிற சேரிக்குப் புண்பட மனம் கிடையாது.

நம்ம ஆட்களையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். சதய விழா வந்தால் ஒவ்வொரு சாதியும் 'ராஜராஜன் எங்காளு' என்று போஸ்டர் ஒட்டுகிறது. இந்தப் போட்டியில் நம்மிலும் சிலர் பசை வாளியோடு நிற்கிறார்கள். ராஜா நம்மாளாகவே இருந்துவிட்டுப் போகட்டும். அதனால் என்ன? சேரியைக் கணக்கிலிருந்து கழித்த ராஜா நம்மாளு என்றால் அது பெருமையா? ராஜாவைத் தேடி ஏன் அலைகிறீர்கள் தோழர்களே? வாய்க்காலை வெட்டினவனைத் தேடுங்கள்.

தாராசுரத்தில் அறுபத்து மூவர் கதையைச் சின்னச் சின்னச் சிற்பமாகச் செதுக்கியிருக்கிறார்கள். கும்பகோணத்தில் காப்பி நன்றாக இருந்தது. கங்கைகொண்டசோழபுரத்தில் இருட்டிக்கொண்டு வந்தது. அவற்றைக் குறை சொல்ல மாட்டேன். கல் வேலை செய்தவன் கைக்கு முன்னால் யாரும் தலை வணங்கத்தான் வேண்டும். அந்தக் கையும் ஒரு சேரியிலிருந்து வந்ததுதான், கம்மாணச்சேரி. ராத்திரி சிதம்பரத்தில் தங்கினோம்.

அம்மா சாமி பார்த்தாள். வரிசையில் நின்று, எட்டிப் பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். அறுபது வருஷத்து ஆசை அஞ்சு நிமிஷத்தில் முடிந்தது. "அம்புட்டுத்தானா?" என்றாள். 1947இல் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் இல்லாவிட்டால் அந்த அஞ்சு நிமிஷமும் கிடையாது. கதவைத் திறந்தது சாமியல்ல, சட்டம். சட்டத்தைக் கொண்டுவர வைத்தது போராட்டம்.

நந்தன் கதைக்கு வருவோம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடிய சேக்கிழார் ஒன்றை மறைக்காமல் சொல்கிறார். ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்த நந்தன், கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும் கொடுக்கிறான். யாழுக்கும் வீணைக்கும் நரம்பு கொடுக்கிறான். அர்ச்சனைக்குக் கோரோசனை கொடுக்கிறான். செத்த மாட்டின் தோலும் நரம்பும் உள்ளே போகிறது. உரித்தவன் வெளியே நிற்கிறான். பார்ப்பனியத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதிக் காட்ட முடியாது. பிறகு தில்லைக்கு வருகிறான். மதிலுக்கு வெளியே, தெற்கு வாசலுக்கு முன்னால் தீக்குழி வெட்டப்படுகிறது. அதில் இறங்கிப் பூணூலோடு முனிவனாக எழுகிறான், உள்ளே போகிறான், காணாமல் போகிறான். காணாமல் போனவனைத் தேடி யாரும் வரவில்லை. அவனைப் பறையனாகவே உள்ளே கூப்பிட அந்தச் சாமிக்கும் தைரியம் இல்லை. கனவில் வந்து நெருப்பில் இறங்கு என்றுதான் சொல்லத் தெரிந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி இந்தக் கதையைக் கீர்த்தனையாக்கியபோது ஒரு பார்ப்பன மிராசுதாரைப் புதிதாகக் கொண்டுவந்தார். நாற்பது வேலி வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறான் அவன். சிவனுடைய பூதங்கள் வந்து ஒரே ராத்திரியில் முடித்துக் கொடுக்கின்றன. கேட்கிறவன் கண்ணில் நீர் வருகிறது. எங்கம்மாவுக்கு நடவு நட எந்தப் பூதமும் வரவில்லை. லீவு கேட்டால் மறுநாள் வேலை கிடையாது, அவ்வளவுதான்.

நெருப்பு எரிந்த இடம் ஓமக்குளம் என்று சிதம்பரத்து ஜனங்கள் காட்டுகிறார்கள். விடிகாலையில் மற்றவர்கள் எழுவதற்கு முன்னால் அம்மாவை ஆட்டோவில் அங்கே கூட்டிப்போனேன். அங்கே நந்தனார் பேரில் பள்ளிக்கூடம் இருக்கிறது. சுவாமி சகஜானந்தர் 1916இல் தொடங்கியது. சேரிப் பிள்ளைகளைச் சேர்த்துச் சோறு போட்டு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். பிறகு சட்டசபையிலும் போய் உட்கார்ந்தார். அவருடைய பக்தி எனக்கு ஒத்துவராது. ஆனால் நந்தனை எரித்ததாகச் சொல்லும் இடத்தில் அவர் இன்னொரு நெருப்பு மூட்டவில்லை, பலகையும் பல்பமும் கொண்டுவந்து வைத்தார். அம்மா கேட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். கோயிலில் நின்றதைவிட அங்கே அதிக நேரம் நின்றாள். "நம்ம புள்ளைவோ படிச்ச எடமா?" என்று இரண்டு தரம் கேட்டாள். இந்த இடம் எந்தச் சுற்றுலா நோட்டீஸிலும் இல்லை.

வைத்தீஸ்வரன்கோயிலில் வாத்தியார்மார் நாடி ஜோசியத்துக்கு வரிசை கட்டினார்கள். அந்த நேரத்தில் நாங்கள் பக்கத்துத் திருப்புன்கூருக்குப் போய்விட்டு வந்தோம். வாசலில் நின்ற நந்தன் கண்ணுக்குச் சாமி தெரிய வேண்டும் என்று நந்தி விலகிய ஊர். பெரிய நந்தி, உண்மையிலேயே ஒதுங்கித்தான் கிடக்கிறது. அம்மா அதைச் சுற்றி வந்தாள். பிறகு சொன்னாள்:

"மாடு நவுந்துச்சு, மாடு நவுந்துச்சுன்னு பெருசா சொல்றானுவோ. ஆளு எவனாச்சும் நவுந்து வழி வுட்டானா?"

நான் இருபது வருஷமாக மேடையில் பேசுவதை அவள் ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள்.

திருவாரூரில் மனுநீதிச் சோழன் கல்தேரைக் காட்டினார்கள். கன்றுக்குட்டி மேல் தேரை ஏற்றிய மகனை, பசு மணி அடித்துக் கேட்டதும், அதே தேர்க்காலில் போட்டுக் கொன்ற ராஜா. பிள்ளைகளுக்குப் பாடத்தில் இருக்கிற கதை. எங்கள் வேனில் எல்லாரும் உருகினார்கள். "இது மாதிரி நியாயம் இப்ப எங்க இருக்கு சார்?" என்றார் கணக்கு வாத்தியார்.

நான் சொன்னேன்: "இங்கேருந்து கீழ்வேளூர் வழியா போனா ஒரு மணி நேரம்கூட ஆகாது. வெண்மணியில ஒரு அரை மணி நிறுத்துவோம் சார். நாகூர் போற வழிதான்."

"அது அரசியல் சார்" என்றார். "நாம ஆன்மிகமா வந்திருக்கோம்."

பசுவுக்கு நீதி சொன்னால் ஆன்மிகம். மனுஷனுக்கு நீதி கேட்டால் அரசியல். கீழ்வேளூரில் அம்மாவும் நானும் இறங்கிக்கொண்டோம். வேன் நாகூர் மினார்களைப் பார்க்கப் போய்விட்டது.

ஆட்டோ தேவூரைத் தாண்டும்போது அம்மா பேச ஆரம்பித்தாள். இத்தனை வருஷத்தில் எனக்குச் சொல்லாததைச் சொன்னாள்.

"எனக்கு அப்ப பதிமூணு வயசு. அன்னைக்கு ராத்திரி இந்தாண்ட வானம் செவந்து கெடந்துச்சு. போருதான் எரியிதுன்னு நெனச்சோம். விடிஞ்சிதான் தெரிஞ்சிது. எங்கப்பா வந்து அடுப்ப அணைக்கச் சொன்னாரு. ஒரு வாரம் எங்க தெருவுல பொகை வரல. பொகையப் பாத்து வந்துருவாங்கன்னு பயம். ஊற வச்ச அரிசியத்தான் தின்னோம்."

1968 டிசம்பர் 25. அரைப்படி நெல் கூலி கூடக் கேட்டார்கள். செங்கொடியை இறக்கு என்றான் மிராசுதார். இறக்கவில்லை. பி. சீனிவாசராவ் போன்றவர்கள் 1940களில் வந்து சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் எதிராக நிமிர்த்திவிட்ட முதுகு அது. மறுபடி வளைய மறுத்தது. ஓடித் தப்ப முடியாத பெண்களும் குழந்தைகளும் கிழவர்களும் ராமையாவின் குடிசைக்குள் பதுங்கினார்கள். வெளியே பூட்டி நெருப்பு வைத்தார்கள். 44 உயிர். நாகப்பட்டினம் கோர்ட் மிராசுதார்களுக்குத் தண்டனை கொடுத்தது. 1973இல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. காரும் நிலமும் வைத்திருக்கிற பெரிய மனுஷர்கள் தாங்களே நடந்து வந்து குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப நீதிபதிக்குக் கஷ்டமாக இருந்தது. மனுநீதிச் சோழன் கல்தேர் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தது, ஒரு அடி நகரவில்லை.

இலக்கியமும் நமக்குப் பெரிய நீதி செய்துவிடவில்லை. வெண்மணியை வைத்து இந்திரா பார்த்தசாரதி எழுதிய 'குருதிப்புனல்' நாவலுக்கு 1977இல் சாகித்திய அக்காதெமி பரிசு. அதில் மிராசுதார் கொடுமைக்காரன் ஆனதற்கு அவனுடைய ஆண்மைக்குறை காரணமாகிறது. நிலம் காரணமில்லை, சாதி காரணமில்லை, வைத்தியர் பார்க்க வேண்டிய விஷயமாகிவிட்டது. எரிந்தவர்கள் பக்கத்திலிருந்து எழுதியிருந்தால் மிராசுதாரின் படுக்கையறைக்கு எதற்குப் போகப் போகிறோம்?

நான் சொல்ல வந்தது இதுதான். சிதம்பரத்துக்கும் வெண்மணிக்கும் நடுவில் அரை நாள் பயணம்கூட இல்லை. இரண்டு இடத்திலும் நெருப்பு. இரண்டு நெருப்பிலும் இறங்கியது நாம். ஒரு நெருப்பைப் பாட்டாகப் பாடுகிறார்கள், சினிமாவாக எடுத்தார்கள், கோயிலில் சிலை வைத்துப் பூப்போடுகிறார்கள். இன்னொரு நெருப்பின் பக்கம் வேன் திரும்ப மாட்டேன் என்கிறது. ஏன்? முதல் நெருப்பில் இறங்கியவன் கை கூப்பிக்கொண்டு இறங்கினான், உள்ளே வரட்டுமா என்று கேட்டான். இரண்டாவது நெருப்பில் வெந்தவர்கள் கூலி கேட்டார்கள். கும்பிட்டுக்கொண்டு சாகும் பறையன் நாயன்மார். நிமிர்ந்து நின்று சாகும் பறையன் அரசியல். பாரம்பரியம் என்று இவர்கள் சொல்வது இந்தத் தேர்வைத்தான். உலகப் பாரம்பரியச் சின்னம் என்று 1987இல் பெரிய கோயிலுக்குக் கிடைத்தது, 2004இல் தாராசுரத்துக்கும் கங்கைகொண்டசோழபுரத்துக்கும் கிடைத்தது. கிடைக்கட்டும். உலகம் வந்து பார்க்கட்டும். ஆனால் பார்க்கிற உலகத்துக்கு அடித்தளத்துக் கல்வெட்டைப் படித்துக் காட்டுவது யார்?

'அந்த இடங்களுக்கு நாம் ஏன் போகவேண்டும், புறக்கணிப்போம்' என்று சொல்லும் தோழர்கள் உண்டு. நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது மாற்றிக்கொள்கிறேன். கும்பிடப் போக வேண்டாம், பெருமைப்படவும் போக வேண்டாம். சாட்சியைப் பார்க்கப் போக வேண்டும். நமக்கு எதிராக அவர்களே கல்லில் வெட்டி வைத்த வாக்குமூலம் அங்கே இருக்கிறது. அதை விட்டுவிட்டு வந்தால் கைடு சொல்வதுதான் சரித்திரம்.

வெண்மணி நினைவிடத்தில் அன்றைக்கு வேறு யாரும் இல்லை. டிசம்பர் 25இல் கொடிகளும் கூட்டமும் வரும். மற்ற நாளில் வெயில்தான். 44 பேரின் பேரும் அங்கே எழுதி வைத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. முதல் பேர் மேல் விரலை வைத்துக்கொண்டு "வாசி" என்றாள். வாசித்தேன். விரலை அடுத்த பேருக்கு நகர்த்தினாள். வாசித்தேன். நாற்பத்து நாலு பேருக்கும் அவள் விரல் போனது. பாதியில் என் குரல் போய்விட்டது. அவள் விரலை எடுக்காமல் காத்துக்கொண்டு நின்றாள்.

முந்தின நாள் தஞ்சாவூரில் பார்த்த கல்லில் சேரி இருந்தது, பேர் இல்லை. இங்கேதான் எங்கள் பேர் இருக்கிறது. எங்கள் பேர் கல்லில் ஏற ஆயிரம் வருஷமும் 44 உயிரும் தேவைப்பட்டிருக்கிறது.

கடைசிப் பேரை வாசித்ததும் அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். சிதம்பரத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டவள் இங்கே கும்பிடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அடுத்த தடவ உன் தங்கச்சி புள்ளைவோளயும் கூட்டியா. அதுவோளுக்கு வாசிக்கத் தெரியும்" என்றாள்.

வாத்தியாராக இருக்கிற தோழர்களுக்கு, விடுதிகளில் படிக்கிற தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன். நாமும் ஒரு நோட்டீஸ் போடுவோம். தஞ்சாவூரில் கோயிலின் அடித்தளச் சுவர். சிதம்பரத்தில் தெற்கு வாசலும் ஓமக்குளத்துப் பள்ளிக்கூடமும். திருப்புன்கூரில் மாடு. திருவாரூரில் கல்தேர். கடைசியில் வெண்மணி. இரண்டு பகல் ஒரு இரவு போதும். சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாம். பொங்கல் லீவுக்கு நான் வேன் பேசியிருக்கிறேன். குலதெய்வம் எது என்று யாரும் யாரையும் கேட்கப் போவதில்லை. இருபது சீட்டு இருக்கிறது. முதல் சீட்டு அம்மாவுக்கு.